மாணவர் கூடி ஆக்கும் நாடகம்

ஆண்டு விழா அணுகுந்தோறும் நம் கல்லூரியில் ஒரு வினா எழுவது வழக்கம். "இவ்வாண்டு எந்த நாடகம்?" என்பதே அது. "யார் ஆக்கும் நாடகம்?" என்று கேட்பார் இலர். பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர் எழுதித் தருவார். அல்லது ஷேக்ஸ்பியர் நாடகத்தின் தமிழாக்கம் ஒன்றோ, பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் ஒன்றோ நூலகத்தினின்று எடுக்கப்படும். மாணவர் பாடம் செய்வர், ஒத்திகை நடைபெறும், குரல் வளம் உடையவர் அரசராவார், உயரம் குறைந்தவர் சேவகராவார், விழா முடிந்த மறுநாள் முகத்துச் சாயத்தோடு நாடகமும் கழுவப்பட்டுவிடும். இம்முறையை இழித்துரைப்பது எம் நோக்கமன்று. யாமும் மாணவராயிருந்த நாளில் ஈட்டி பிடித்த சேவகராய் மூன்று ஆண்டு நின்றவரே. ஆயினும், மாணவர் தாமே கூடிப் புதியதொரு நாடகத்தை ஆக்குதல் ஆகாதா, அதில் ஆசிரியர் செய்ய வேண்டுவது யாது, செய்யத் தகாதது யாது என்பன ஆராயத்தக்கன. சென்ற ஆண்டு எம் பொறுப்பில் விடப்பட்ட நாடகக் கழகத்தார் 22 பேர் இம்முயற்சியில் 8 வாரம் ஈடுபட்டனர். அவருள் பாதிப்பேர் காஞ்சிபுரத்தினின்று நாள்தோறும் பஸ்ஸில் வருபவர். ஆதலின் நாடகமும் காஞ்சியைப் பற்றியே எழுந்தது. அப்பட்டறிவைக் கொண்டே இதனை எழுதுகின்றோம்.

"இது மேனாட்டாரிடமிருந்து வந்த புதுமை, நமக்கு ஒவ்வாது" என்று கூறுவாரும் உளர். அவர் காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில், திரௌபதியம்மன் திருவிழாக் காலத்தில், கட்டைக்கூத்தினை ஓரிரவேனும் விழித்திருந்து காண்பாராக. முடியும் தோளணியும் மார்பணியுமாகிய மரக்கட்டை அணிகளைப் பூண்டு ஆடுதலின் அக்கூத்து அப்பெயர் பெற்றது. இரவில் தொடங்கினால் பொழுது புலரும்போதுதான் முடியும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை ஆகியன பக்கத்துணை. பாட்டுக்கள் வரையறைப்பட்டவை, பாரதக் கதையும் யாவரும் அறிந்ததே. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வரும் வசனத்தில் பெரும்பகுதி நடிகர் அவ்விடத்திலேயே ஆக்கிக்கொள்வது. துரியோதனன் ஒன்று கேட்பான், கட்டியக்காரன் அவ்வூர் ஏரி மதகைப் பற்றி ஒரு விடை சொல்வான், கூட்டம் சிரிக்கும், சிரிப்பு அடங்குமுன் துரியோதனன் அவ்விடையையே தன் கோபத்திற்குப் படியாக்கிக்கொள்வான். அதனை எழுதி வைத்தவர் எவருமில்லை. இருவரும் கூடி அந்நொடியில் ஆக்கினர்.

எம் மாணவரை இத்தகைய கூத்தொன்றுக்கு அழைத்துச் சென்றோம். நள்ளிரவு கடந்ததும் பாதிப்பேர் உறங்கிவிட்டனர். கட்டியக்காரன் அதனைக் கண்டுகொண்டான். "அரசே, அத்தினாபுரத்து அரண்மனையில் காலேஜுப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்களே, இவர்களுக்குப் பாயாவது கொடுத்தீரா?" என்றான். எழுந்தவர் பின்னர் உறங்கவில்லை. நாடகம் ஆக்குதல் பற்றி யாம் ஒரு மாதம் பேசியும் விளங்காதது அவருக்கு அவ்வொரு வினாவில் விளங்கிற்று.

இக்கூத்தினைப் பயிற்றுதற்கெனக் காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கல் என்னும் சிற்றூரில் ஒரு குருகுலம் இருந்தது. கூத்துக் கலைஞர் ராஜகோபால் என்பாரும் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஹன்னே டி பிரைன் என்பாரும் அதனை முன்னின்று நடத்தினர். நடிகரையே உறுப்பினராகக் கொண்ட கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தோன்றியது; குருகுலம் 2002-இல் தொடங்கி 2020 வரை நடைபெற்றது. சிற்றூர்ப் பிள்ளைகள் அங்குப் பள்ளிப் பாடமும் கூத்தும் ஒருங்கே கற்றனர். ஆடவரே ஆடி வந்த அக்கூத்தில் பெண் பிள்ளைகளும் அங்கு வேடம் பூண்டனர். பழைய பாரதக் கூத்துக்களோடு புதிய நாடகங்களும் அக்குருகுலத்தில் உருவாயின. யாம் இதிற் கருதுவது ஒன்று: அப்பிள்ளைகள் முதலில் தாளமும் அடவும் பாட்டும் திருத்தமாகக் கற்றனர், வசனத்தை ஆக்கும் உரிமை அக்கல்வியின்மேல் நின்றது. வெறுங்கையோடு மேடையேறி "தோன்றியதைப் பேசு" என்று ஏவப்பட்டாரல்லர்.

நிற்க. இதற்கு நேர் மாறான வழியும் தமிழகத்தில் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர் ஒரு சொல்லும் பிறழாது பாடம் செய்தனர். தி. க. சண்முகம் முதலிய உடன்பிறந்தார் அங்குப் பயின்றவரே. வயது வந்த நடிகர் மேடையில் தத்தம் மனம்போனவாறு பேசிக் கதையைக் குலைத்தமையால் சுவாமிகள் சிறுவர் பக்கம் திரும்பினார் என்பர். அவர் கண்ட குற்றம் மெய்யான குற்றமே. கூடி ஆக்குதல் என்பது ஆளுக்கொரு பக்கம் இழுப்பதாய் முடியும் என்னும் அச்சம் எமக்கும் இருந்தது. அவ்வச்சம் பொய்யன்று என்பதனை முதல் வாரமே காட்டிற்று.

முதல் நாட் கூட்டத்தில், "என்ன கதை?" என்று மாணவரைக் கேட்டோம். அஃது எம் பிழை. கதையைக் கேட்டால் திரைப்படம் வரும். வந்தது. செல்வர் மகன், ஏழை நெசவாளி மகள், ஒரு கடிதம், ஒரு நீதிமன்றம், ஈற்றில் நீதிபதியே அப்பெண்ணின் தாய்மாமன் என்று வெளிப்படுகின்றது. கால் மணி நேரத்தில் முழுக் கதையும் முடிந்துவிட்டது, எல்லாரும் மகிழ்ந்தனர். யாம் மறுக்கவில்லை. "அப்பெண் காலையில் எழுந்ததும் என்ன செய்வாள்?" என்று மட்டும் கேட்டோம். "தறியில் உட்காருவாள்" என்றார் ஒருவர். "தறி வீட்டில் எங்கே இருக்கும்? அவள் கால் எதன்மேல் இருக்கும்? பக்கத்தில் இருப்பவர் யார்?" நெசவாளி மகளைக் கதைத்தலைவியாக்கியவர் விடையின்றி நின்றார். அப்பொழுது, அதுகாறும் வாய் திறவாத மாணவர் ஒருவர் பின்வரிசையிலிருந்து, "குழித்தறி, ஐயா. காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும்" என்றார்.

மறுநாள் முதல் கதை பேசுதலை நிறுத்தினோம். ஒவ்வொருவரும் தாம் கண்ணாற் கண்டது அல்லது காதாற் கேட்டது ஒன்றை நாள்தோறும் கொண்டுவர வேண்டும், அதனைச் சொல்லலாகாது, நடித்துக் காட்ட வேண்டும், இவ்விரண்டே விதி. பிள்ளையார்பாளையத்தில் வெயில் ஏறுமுன் தெரு நீளத்திற்குப் பாவு விரித்து இழை சரிசெய்வதை நால்வர் நடித்தனர். மிதிவண்டியில் வருபவர் பாவுக்காக இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை ஐந்தாமவர் சேர்த்தார். ஒரு மாணவி, 2019-இல் அத்திவரதர் நீரினின்று எழுந்தருளிய 48 நாளும் தன் தெருவில் மக்கள் வெள்ளம் சென்றதையும், தன் பாட்டியார் திண்ணையில் அமர்ந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டே "அடுத்த முறை நான் இருக்கமாட்டேன், நீ கொடு" என்று கூறியதையும் செய்து காட்டினார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வருவது அவ்விழா. வேறெதுவும் பேசப்படவில்லை, ஆயினும் மண்டபம் அமைதியுற்றது. சில நாட்கள் ஒன்றும் தேறவில்லை. ஒருவர் தொடர்ந்து ஆறு நாள் பஸ் நடத்துநரையே நடித்தார்.

"இத்தகைய சிறு செய்திகள் நாடகமாகுமா, ஐயா?" என்று ஐயுற்றார் ஒருவர். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியில் அரசிருந்த மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தின் கதையை அவருக்குக் கூறினோம். குடிமயக்கில் தன் கபாலத்தை இழந்த காபாலிகன் ஒருவன் புத்தத் துறவியைத் திருடன் என்று பற்றுகின்றான், வழக்கு வளர்கின்றது, ஈற்றில் கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது தெரிகின்றது. நாடாண்ட வேந்தன் தன் தலைநகரின் கள்ளுக்கடையையும் தெரு நாயையும் நாடகமாக்க நாணவில்லை என்றதும் அம்மாணவர் வேறொன்றும் கேட்கவில்லை.

இனித் தறிக்கு வருவோம். எம் நாடகத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. காஞ்சிப் பட்டுப் புடவையின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் இழையோடு இழை பிணைய வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். நெய்பவர் ஒருவராயினும் அவர் பக்கத்தில் மற்றொருவர் இருந்து ஒரு கரைக்குரிய நாடாவைச் செலுத்த வேண்டும். இருவர் கையும் ஒத்துச் செல்லாவிடில் உடலும் கரையும் சேருமிடத்தில் குற்றம் தோன்றிவிடும். அப்பக்கத்து இடத்தில் முன்னாளில் பெரும்பாலும் அமர்ந்தவர் சிறுவர். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிள்ளை தறியில் அமர்வதும், கடன் தீராமையின் பள்ளி மறப்பதும் இந்நகரில் நெடுநாள் நிகழ்ந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதற்குப் பின்னும் பட்டுத்தறிகளில் அது நின்றபாடில்லை என்பதனை 2003-இல் வெளிவந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை எடுத்துரைத்தது. அவ்வறிக்கையில் காஞ்சியும் இடம் பெற்றது. எம் மாணவரின் தந்தையார் தலைமுறைக்கு இது வரலாறன்று, இளமை நினைவு.

குழித்தறியைப் பற்றிக் கூறிய அம்மாணவரே இதனையும் கொண்டுவந்தார். இரண்டு பெஞ்சுகளுக்கிடையே 12 கயிறுகளை இழுத்துக் கட்டினர், தறி அவ்வளவே. நெய்பவராக ஒருவர், பக்கத்துச் சிறுவனாக ஒருவர் அமர்ந்தனர். கையால் நாடா ஓட்டுவதும், காலால் மிதிப்பதும், மரப்பலகையில் அடிப்பதுமாகத் தாளம் ஒன்று அமைந்தது. அத்தாளத்தின்மேல் பேசிப் பார்த்தனர். அப்பொழுது எவரும் திட்டமிடாத ஒன்று நிகழ்ந்தது. நெய்பவர், "முன்பணம்" என்னும் சொல்லைச் சொன்னவுடன் சிறுவனாக நடித்தவரின் கை நின்றுவிட்டது. அவர் கை நிற்கவே நெய்பவரும் நிறுத்த நேர்ந்தது. ஒருவர் நின்றால் மற்றவர் ஓட முடியாது. மாணவர் இதனைத் தவறு என்று எண்ணி மீண்டும் தொடங்கப் போனார்கள். யாம், "அதனையே மறுபடியும் செய்க" என்றோம். எட்டு வாரத்தில் ஆசிரியராக யாம் செய்த பணிகளுள் பயன்பட்டது எதுவெனில் அச்சொற்களே. பிள்ளைகள் கண்டெடுத்ததை அவர் கண்டெடுத்தார் என்று அவருக்கு உணர்த்தல் வேண்டும். அதற்கு ஆசிரியர் அங்கே விழித்திருத்தல் வேண்டும். விடைத்தாள் திருத்திக்கொண்டே ஒத்திகை பார்ப்பவருக்கு இது வாய்க்காது.

நான்காம் வாரத்தின் முடிவில் மூன்று குறிப்பேடும், கைப்பேசிகள் நிறையப் பதிவுகளும் இருந்தன, நாடகம் இல்லை. எல்லார் கருத்தையும் எல்லாரும் கேட்டு எழுத முயன்ற காட்சி ஒன்று ஒரு பக்கத்தில் ஒன்பது முறை அடித்தெழுதப்பட்டுக் கிடந்தது. இவ்விடத்தில் சமத்துவம் பேசுவது பயனற்றது. இலண்டனில் 1974-இல் தோன்றிய ஜாயிண்ட் ஸ்டாக் என்னும் குழுவினர், முதற்கண் சில வாரம் நடிகரெல்லாம் கூடி ஆராய்வர். பின்னர் ஆசிரியர் ஒருவர் தனியே சென்று எழுதுவர். எழுதியதை மீண்டும் யாவரும் கூடி ஒத்திகை செய்வர். காரில் சர்ச்சிலின் "கிளவுட் நைன்" (1979) இங்ஙனம் பிறந்ததே. வங்காளத்துப் பாதல் சர்க்கார் தம் குழுவினரோடு உழைத்து ஆக்கிய "போமா" நாடகமும் பலர் உழைப்பு ஒருவர் எழுத்தில் திரண்டதற்குச் சான்று. ஆதலின் மாணவரே மூவரைத் தேர்ந்து எழுதுகோலை அவரிடம் தந்தனர்; பத்து நாள் தவணை. தேர்ந்தவருள் ஒருவர் குழித்தறி மாணவர்.

ஆசிரியர் ஒரு வரியும் எழுதலாகாது என்பது எம் கொள்கை. அதனை யாமே மீறினோம் என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகின்றோம். ஈற்றுக் காட்சிக்கு நீண்டதோர் உரையினை எழுதி, "வேண்டுமாயின் பயன்படுத்துக" என்று பணிவோடு தந்தோம். மூவரும் நன்றி கூறிப் பெற்றுக்கொண்டனர். மறுநாட் படியில் அதிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. எமக்கு வருத்தமே, ஆயினும் நாடகம் மாணவர் கைக்குச் சேர்ந்துவிட்டது என்று அன்றுதான் அறிந்தோம்.

இனிக் கூற வேண்டுவது கடினமானது. கழகத்தாருள் நாவன்மை மிக்க ஒருவர், தறிக்கு முன்பணம் தரும் முதலாளியைக் கொடியவனாக்கி, அவன் மீசை முறுக்கிச் சிரிப்பதாகக் காட்சி அமைத்தார். கைதட்டல் பெறும் காட்சிதான். குழித்தறி மாணவர் எழுந்து, "அவர் இப்படிச் சிரிக்கமாட்டார். என் அக்காள் கல்யாணத்திற்கு முதல் ஆளாக வந்து பந்தியில் பரிமாறினார். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது பணம் கட்டியவரும் அவரே. அந்தப் பணமும் கணக்கில் ஏறியது" என்றார். அவ்வொரு வாக்கியத்தில் ஒரு நாடகமே இருந்தது. யாம் அதிலே மயங்கி, எல்லார் முன்னிலையிலும், "அப்படியானால் உம் தந்தையார் சிறுவயதில் தறியில் இருந்தது எவ்வளவு கடனுக்கு?" என்று கேட்டுவிட்டோம். அவர் விடை கூறவில்லை. அடுத்த இரண்டு நாள் ஒத்திகைக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் எம் அறைக்கு வந்து, "அக்காட்சியை எடுத்துவிடலாமா, ஐயா?" என்றார்.

யாம் செய்தது தவறு. தம் வாழ்வை மேடைக்குத் தரும் மாணவர் எவ்வளவு தருவது என்பதனைத் தாமே வரையறுப்பார். அவர் தந்ததற்குமேல் ஒரு முழமும் இழுத்தல் ஆகாது. கேட்பது ஆசிரியர் ஆதலின் மறுக்கவும் மாணவர் அஞ்சுவர். இவ்வகை நாடகத்தைப் புகழ்ந்து பேசுவோர் இதனைப் பேசக் கேட்டிலோம். காட்சி நன்றாக வருகின்றது என்னும் மகிழ்ச்சியில், அஃது யார் வீட்டுக் காட்சி என்பது மறந்துபோகின்றது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "எடுத்துவிடலாம், வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம். முடிவு உம்முடையது. காரணம் எவருக்கும் சொல்ல வேண்டா" என்றோம். அன்று முதல் வேறொரு விதியும் சேர்த்தோம். கொண்டுவரும் செய்தி தம்முடையதா, பிறருடையதா என்று எவரும் வினவலாகாது. எச்செய்தியையும் தந்தவர் எந்த நாளிலும் திரும்பப் பெறலாம். விழாவுக்கு முந்தின இரவாயினும் பெறலாம். அதனால் நாடகம் குறைப்பட்டால் குறைப்பட்ட நாடகத்தையே நடிப்போம்.

அவர் காட்சியை எடுக்கவில்லை. ஒரு வாரம் வைத்திருந்து தம் கையாலேயே திருத்தினார். முதலாளி சிரிப்பதில்லை, கணக்குப் புத்தகத்தைத் திறந்து, கல்யாணத்தில் பரிமாறிய கையாலேயே ஒரு தொகையைக் குறித்துக்கொண்டு, "சாப்பிட்டாயா?" என்று சிறுவனைக் கேட்கின்றார். அவ்வளவே. மீசைக் காட்சியை எழுதிய மாணவரே அம்முதலாளி வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எதிர்ப்புரைகளையும் சிறிது நோக்குவோம். படிப்புக் கெடும் என்பது ஒன்று. எட்டு வாரத்து மாலைகள் செலவாயின; மெய்தான்; பாடம் செய்யும் நாடகத்திற்கும் ஆறு வாரம் ஆகின்றது. தமிழ் நடை சிதையும் என்பது மற்றொன்று. இதனை எம் துறையினரே கூறுகின்றனர். தெருப்பேச்சு மேடையேறியது உண்மை. ஆனால் எழுதிய மூவரும் ஒரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டியதை யாம் வகுப்பறையில் கண்டதில்லை. நாடகம் ஒழுங்காயிருந்ததோ எனில், இல்லை. நடுப்பகுதி நீண்டது, பஸ் நடத்துநர் வேண்டாத இடத்திலும் வந்தார், அவரை நீக்க எவருக்கும் மனம் வரவில்லை. ஆக்கியோன் பெயர் போட வேண்டிய இடத்தில் 22 பெயரையும் அகர வரிசையில் அச்சிட்டோம். அச்சகத்தார் அழைப்பிதழில் இடம் போதாது என்றனர். தலைமை தாங்குவோரின் பட்டங்களைக் குறைத்து இடம் செய்துகொண்டோம். இதற்கு முதல்வர் இசைந்தது அவர் பெருந்தன்மை.

விழா நாளில் அம்மாணவரின் தந்தையார் வந்திருந்தார். மண்டபத்தின் பின்வாயிலருகே, இருக்கை இருந்தும் அமராது, இறுதிவரை நின்றே பார்த்தார். நாடகம் முடிந்தபின் மேடைக்குப் பின்னே வந்தார். அவர் என்ன கூறுவாரோ என்று எமக்கு நெஞ்சு படபடத்தது. சிறுவனாக நடித்தவரை அழைத்து, "நாடாவைத் தவறான கையில் பிடித்தாய், தம்பி" என்று கூறி, கயிறு கட்டிய பெஞ்சின் பக்கத்தில் தாமே அமர்ந்து கையைக் காட்டினார். தம் மகனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஒன்றாகப் போனார்கள்.

நாடகப் படி கல்லூரி நூலகத்தில் உள்ளது. இவ்வாண்டுக் கழகத்தார் அதனையே மீண்டும் நடிக்க விரும்பி எம்மிடம் வந்தனர். அதனை எழுதிய மூவருள் இருவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர். காட்சிக்கு உரியவரும் அவருள் ஒருவர். அவரைக் கேளாமல் ஆகாது என்றோம். கேட்டனர். "நடிக்கலாம், ஆனால் உங்கள் வீதியில் ஒன்றும் இல்லையா?" என்று அவர் மறுமொழி விடுத்தாராம். கழகத்தார் சென்ற வெள்ளிக்கிழமை புதிய குறிப்பேடு ஒன்று வாங்கியிருக்கின்றனர்.